மேடை விலையும் கடை விலையும்

2022 செப்டம்பர் 20, செவ்வாய்க்கிழமை, இரவு எட்டரை மணி. மதுரையில் ஒரு வீட்டு மாடி அறையில், விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் சாப்பிடக் கூப்பிட்டும் இறங்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங், வழக்கமான கறுப்புத் தோல் ஜாக்கெட்டோடு. ஆர்டிஎக்ஸ் 4090 என்று ஒரு புது கிராஃபிக்ஸ் கார்டு. 24 ஜிபி மெமரி. அக்டோபர் 12 முதல் விற்பனை. விலை 1,599 டாலர்.

பையன் உடனே அன்றைய டாலர் மதிப்பைத் தேடினான். ஏறக்குறைய 79 ரூபாய் 75 காசு. பெருக்கினால் 1,27,520 ரூபாய். கையில் 95,000 இருந்தது. அப்பாவிடம் மிச்சத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே இந்திய விலை வந்தது. 1,55,000 ரூபாய் 'முதல்'. அந்த 'முதல்' வேறு!

27,000 ரூபாய் சொச்சம் வித்தியாசம். பையனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விளையாட்டுக்காகக் கேட்கவில்லை அவன் (விளையாடவே மாட்டான் என்று சொன்னால் அவன் அம்மாவே சிரிப்பார், அது வேறு விஷயம்). கட்டிட வரைபடக்காரர்களுக்கு பிளெண்டரில் முப்பரிமாண வீடு செய்து கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தான். அவனிடம் இருந்தது 6 ஜிபி உள்ள பழைய ஜிடிஎக்ஸ் 1060. தோட்டத்தில் நாலு மரம் கூடுதலாக நட்டால் மெமரி போதவில்லை என்று வேலை அப்படியே நின்றுவிடும். வீட்டுக்காரர் கேட்கும் மரத்தை நட முடியாததால் கைவிட்டுப் போன வேலைகள் இரண்டு. அந்த 95,000 ஒன்றரை வருட உழைப்பு.

ராத்திரியே அமெரிக்காவுக்கு போன் போனது. ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து பக்கம் பெரியப்பா மகன் இருக்கிறார். டிசம்பரில் ஊருக்கு வருகிறார். "அண்ணா, ஒரு கார்டு வாங்கிட்டு வந்துடுங்கண்ணா, பணம் இப்பவே அனுப்பிடுறேன்." அவரும் சரி என்றார்.

காலையில் அப்பாவிடம் சொன்னான். அப்பாவுக்கு டவுன்ஹால் ரோடு பக்கம் எலெக்ட்ரிக்கல் கடை. ஃபேன், சுவிட்சு, ஒயர் காயில். கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பையன் கொதித்துக் கொதித்துச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏன்டா, அந்த 1,599 வரியோடயா, வரி இல்லாமலா?"

நிற்க. பன்னாட்டு விலை ஒப்பீட்டில் இணையம் முழுக்க வருடா வருடம் நடக்கும் சண்டையில் பாதி, இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருவது. அமெரிக்காவில் அறிவிக்கப்படும் விலையில் விற்பனை வரி சேராது. வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஊருக்கு ஊர் கூட மாறும். கலிஃபோர்னியாவில் குறைந்தபட்சம் 7.25 சதவீதம். ஒரிகனில் மாநில விற்பனை வரியே கிடையாது. அதனால் கம்பெனிக்காரர் மேடையில் வரியைச் சேர்த்துச் சொல்லவும் முடியாது. பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா இங்கெல்லாம் சாதாரண வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலை வரியோடு சேர்ந்தது. பிரிட்டனில் 20 சதவீதம், ஜெர்மனியில் 19, இந்தியாவில் ஜிஎஸ்டி 18, ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் 10. ஒரு பக்கம் தோல் உரித்த வாழைப்பழம், இன்னொரு பக்கம் தோலோடு. இரண்டையும் தராசில் வைத்துவிட்டு எடை சரியில்லை என்று சண்டை.

சரி, உரித்துப் பார்க்கலாம். 1,55,000-ஐ 1.18-ஆல் வகுத்தால் 1,31,356 ரூபாய். (1,55,000-இல் 18 சதவீதம் கழிப்பது தப்பு. வரி அடக்க விலையிலிருந்து வரியை எடுக்க வகுக்கத்தான் வேண்டும். பி.காம். முதல் செமஸ்டரிலேயே இதில் மதிப்பெண் போனவர்கள் உண்டு.) டாலர் கணக்கு 1,27,520. ஆக உண்மையான வித்தியாசம் 3,836 ரூபாய், 3 சதவீதம். ராத்திரி முழுக்கத் திட்டிய 27,000-இல் 23,644 ரூபாய் அரசாங்கத்துக்குப் போவது.

இறக்குமதி வரியும் சேர்ந்திருக்கும் என்று பலர் நினைப்பார்கள். 1996-இல் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் உருவான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா அடுத்த வருடமே சேர்ந்தது. அதன்படி கம்ப்யூட்டருக்கும் அதன் பாகங்களுக்கும் அடிப்படைச் சுங்கவரி பூஜ்யம். துறைமுகத்தில் கட்டுவது ஜிஎஸ்டிதான். பிரேசில் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. அங்கே கிராஃபிக்ஸ் கார்டு வாங்குபவரின் கதை தனிச் சோகம்.

ஆனால் அமெரிக்காவிலிருந்து பெட்டியில் கொண்டு வந்தால்? அதற்கும் அப்பாவே கணக்குப் போடச் சொன்னார். அப்போதைய பயணப்பை விதிப்படி, ஊர் திரும்பும் இந்தியருக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு. அதற்கு மேல் உள்ள மதிப்புக்கு 38.5 சதவீதம் சுங்கம். அக்டோபர் நடுவில் டாலர் 82 ரூபாய் 30 காசு ஆகியிருந்தது. 1,599 டாலர் என்றால் 1,31,600. அதில் 50,000 போக 81,600. அதற்கு 38.5 சதவீதம் 31,416. மொத்தம் 1,63,000 ரூபாய்! மதுரையிலேயே வாங்கினால் 1,55,000. இதில் அந்த 50,000 விலக்கு முழுவதையும் கார்டே சாப்பிட்டுவிடும், பெரியம்மாவுக்கு வாங்கி வரும் சாமான்களுக்குத் தனியாக வரி. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு துணிக்கு நடுவில் சுருட்டி எடுத்து வரும் வீரர்கள் இருக்கிறார்கள். அது சிக்கும் வரைதான் லாபம். பல கம்பெனிகளின் வாரண்டி விற்ற நாட்டில் மட்டுமே செல்லும் என்பதும் உண்டு. ஒன்றரை லட்ச ரூபாய்ப் பொருள் எட்டாவது மாதம் பழுதானால் அதைப் போர்ட்லாந்துக்கு பார்சல் கட்ட வேண்டும்.

அதற்காக, இந்தியாவில் கூடுதல் விலை என்ற பேச்சே புரளி என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். இரண்டு வருடம் பின்னால் போய்ப் பார்த்தால் கதை வேறு. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3070, 3080, 3090 மூன்றும் அறிவிக்கப்பட்டன. அமெரிக்காவில் 499, 699, 1,499 டாலர். இந்தியாவில் 51,000, 71,000, 1,52,000 ரூபாய். இதே மாதிரி ஜிஎஸ்டியை உரித்து, டாலர் 73.50 என்று வைத்து வகுத்தால் 588, 819, 1,753 டாலர் வருகிறது. அமெரிக்க விலையை விட 3070 சுமார் 18 சதவீதம் அதிகம், மற்ற இரண்டும் 17. மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே விகிதம். 50,000 ரூபாய் கார்டுக்கும் ஒன்றரை லட்ச ரூபாய் கார்டுக்கும் கப்பல் செலவும் குடோன் வாடகையும் மூன்று மடங்கு மாறாதே. அப்படியிருக்க விகிதம் மாறாமல் நிற்கிறது என்றால், செலவைக் கூட்டிக் கூட்டி வந்த விலையாக அது தெரியவில்லை. டாலர் விலையை ஒரே எண்ணால் பெருக்கி, வரும் தொகையை ஆயிரத்துக்கு முழுமையாக்கிச் சொன்ன மாதிரிதான் இருக்கிறது. இந்தியா என்றால் இவ்வளவு என்று ஒரு பெருக்கல் எண்!

அந்தப் பெருக்கல் எண் எப்போது இறங்கியது என்பதுதான் வேடிக்கை. 2021 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 அமெரிக்காவில் 329 டாலர், இந்தியாவில் 29,500 ரூபாய். ஜிஎஸ்டி போனால் சரியாக 25,000. அன்றைய மதிப்பில் சுமார் 345 டாலர். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள். அடடா, திருந்திவிட்டார்கள் என்று சொல்லலாம், அந்த விலைக்குக் கார்டு கிடைத்திருந்தால். ஈத்தரியம் நாணயம் தோண்டுபவர்கள் மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. எந்த மாதத்தில் அறிவிப்பு விலைக்கு அர்த்தமே இல்லையோ, அந்த மாதத்தில்தான் அறிவிப்பு விலை நியாயமானது.

அப்போது அமெரிக்காவிலும் நிலைமை ஒன்றும் ஒழுங்கில்லை. சீனாவிலிருந்து வரும் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குக் கொடுத்திருந்த விலக்கு 2020 கடைசியில் முடிந்து, 25 சதவீதம் கூடுதல் வரி ஜனவரியில் வந்து உட்கார்ந்தது. அசூஸ் விலையை ஏற்றியது. ஒரு பெரிய இணையக் கடை குலுக்கல் முறையில் விற்றது. குலுக்கலில் பெயர் வந்தாலும், கூடவே மதர்போர்டோ பவர் சப்ளையோ சேர்த்து வாங்கினால்தான் கார்டு. ஓடாத சரக்கை வாடிக்கையாளர் தலையில் கட்டும் இந்தக் கலை எலெக்ட்ரிக்கல் கடைக்காரருக்குப் புதிதா என்ன? நன்றாக ஓடும் ஃபேன் 20 வேண்டுமென்றால் யாரும் கேட்காத மாடலில் 5 எடுக்கச் சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரை அவர் முப்பது வருடமாகப் பார்க்கிறார்.

அடுத்தது நாணய மதிப்பு. கம்பெனி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு எண்ணை அறிவித்துவிடுகிறது. அதன் பிறகு நாணயம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த எண் கொஞ்ச காலம் அப்படியே நிற்கும். 4090-க்குப் பிரிட்டனில் சொன்னது 1,679 பவுண்டு. வரியை உரித்தால் 1,399. செப்டம்பர் 20 அன்று ஒரு பவுண்டு 1.14 டாலர், ஆக 1,595 டாலர். அமெரிக்க விலைக்கு 4 டாலர்தான் வித்தியாசம், அவ்வளவு துல்லியம். மூன்றே நாளில், செப்டம்பர் 23-இல், அங்கே புது நிதியமைச்சர் வரிக்குறைப்புத் திட்டம் ஒன்றை அறிவிக்க, பவுண்டு சரிந்து 26-ஆம் தேதி 1.04 டாலருக்கும் கீழே போனது. அந்தக் கணத்தில் அதே கார்டு டாலர் கணக்கில் 1,455-க்கும் குறைவு. லண்டன்காரருக்குச் சம்பளம் பவுண்டில்தானே, அவருக்கு இது தெரிந்திருக்கக்கூட மாட்டாது. ஜெர்மனியில் 1,949 யூரோ என்று அறிவித்ததை, யூரோ தேறியதும் அதே டிசம்பரில் 1,859 ஆக்கினார்கள். ரூபாய் இறங்கியபோது இந்தியாவில் நடந்தது பிரிட்டன் கதைதான். அறிவித்த அன்று 3 சதவீதம் அதிகமாக இருந்த 1,55,000, விற்பனை நாளில் டாலர் 82.30 ஆனதும் வரி நீக்கி 1,596 டாலர். அமெரிக்காவை விட 3 டாலர் குறைவு :-)

ஜப்பானில் மட்டும் இந்தக் கணக்கு அப்போதே ஒட்டவில்லை. 2,98,000 யென்னில் 10 சதவீத வரியை எடுத்தால் 2,70,909. அன்றைய 144 யென்னால் வகுத்தால் 1,880 டாலர் பக்கம். யென் அந்த வருடம் மளமளவென்று சரிந்துகொண்டிருந்தது. இன்னும் சரியும் என்று பயந்தவர்கள் முன்கூட்டியே மெத்தை போட்டு வைத்த மாதிரி இருக்கிறது அந்த எண்.

இதெல்லாம் மேடை விலை. கடை விலை என்பது இன்னொரு உலகம். என்விடியா சொல்லும் தொகைக்கு உறுதியாக விற்கப்படுவது அதன் சொந்தத் தயாரிப்பான ஃபவுண்டர்ஸ் எடிஷன் மட்டும்தான். அது எண்ணிக்கையிலும் குறைவு, கிடைக்கும் நாடுகளும் குறைவு. மற்றதெல்லாம் அசூஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், சோட்டாக் போன்றவர்கள் சிப்பை வாங்கித் தங்கள் விசிறியும் பலகையும் போட்டு விற்பது. இவர்களுக்கே மேடையில் சொல்லும்வரை விலை தெரியாது என்பது 2022 செப்டம்பர் 16-இல் வெளியே வந்தது. அன்றுதான் ஈவிஜிஏ என்ற பெரிய அமெரிக்கக் கூட்டாளி நிறுவனம் இந்தத் தொழிலையே விடுவதாக அறிவித்தது. அவர்கள் சொன்ன மனக்குறைகளில் இதுவும் ஒன்று. தன் பொருளை என்ன விலைக்கு விற்க வேண்டும் என்பதைத் தொலைக்காட்சி பார்ப்பவரோடு சேர்ந்து தெரிந்துகொள்ளும் வியாபாரி!

இந்தியாவில் இன்னொரு குழப்பம் எம்.ஆர்.பி. இங்கே பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்றால் சட்டப்படி குற்றம். அதனால் 1,55,000 என்று அறிவித்துவிட்டு 1,75,000-க்கு விற்கிறார்களே, புகார் கொடுக்கலாமா என்று பையன் கேட்டான். கொடுக்க முடியாது. அறிவிப்பு விலை எம்.ஆர்.பி. அல்ல, வெறும் யோசனை. இறக்குமதியாளர் பெட்டியில் ஒட்டும் எம்.ஆர்.பி. ஸ்டிக்கரில் இருப்பது பெரும்பாலும் கடை விலையை விட எங்கோ மேலே இருக்கும் ஒரு தொகை. அதற்குக் கீழே எந்த விலைக்கும் விற்கலாம். இறக்குமதியாளர், டீலர், கடை என்று மூன்று கை மாறும்போது ஒவ்வொருவரும் தன் பங்கை வைப்பதோடு, சரக்கு விற்பதற்குள் டாலர் ஏறினால் என்ன செய்வது என்ற பயத்துக்கும் ஒரு தொகை வைப்பார்கள்.

இதில் சத்தமில்லாமல் நடக்கும் ஒன்றும் உண்டு. ஜிஎஸ்டி பதிவுள்ள ஒரு ஸ்டூடியோ அதே கார்டைத் தொழிலுக்காக வாங்கினால், கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாகத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஒரே கடை, ஒரே நாள், ஒரே பெட்டி. அண்ணாநகர் ஸ்டூடியோவுக்கு 1,31,356. மாடி அறையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும் மாணவனுக்கு 1,55,000. இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருந்த 3,836-க்கு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டவர்கள் இந்த 23,644-ஐக் கவனிப்பதே இல்லை. பையன் தன் வருமானத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம்தான், கட்டாயமில்லாவிட்டாலும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதன் பிறகு வாங்கும் ஒவ்வொரு சின்னக் கூலிக்கும் வரி போட்டு, மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டருக்குக் கொடுத்தால் மிச்சம் வந்தது அங்கே போய்விடும்.

போர்ட்லாந்து அண்ணனும் சும்மா இருக்கவில்லை. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் முயற்சி செய்திருக்கிறார். 1,599-க்கு எங்கேயும் சரக்கு இல்லை. கிடைத்ததெல்லாம் 2,000 டாலருக்கு மேல் மறுவிற்பனைக்காரர்களிடம். "இங்கயே கிடைக்கலடா, உனக்கு எங்க வாங்கறது" என்று சொல்லிவிட்டு, டிசம்பரில் சாக்லேட்டோடு வந்து சேர்ந்தார்.

பிப்ரவரியில் பையன் பஸ் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போனான். நாலு கடை ஏறி இறங்கி, பில்லோடு 1,62,000-க்கு முடிந்தது. அப்பா 67,000 கொடுத்தார், மாதம் 5,000 திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு. (ஒழுங்காகத் திருப்பினான். கடைசித் தவணையை மட்டும் அம்மா கொடுத்ததாகக் கேள்வி.) கை நழுவிய வேலை ஒன்று திரும்பி வந்தது. இந்தத் தடவை தோட்டத்தில் தென்னையும் மாவும் வாழையுமாக நாற்பது மரம்.

2025 ஜனவரியில் அடுத்த சுற்று. ஆர்டிஎக்ஸ் 5090, 1,999 டாலர். இந்தியாவில் 2,14,000 ரூபாய், பிரிட்டனில் 1,939 பவுண்டு, ஜெர்மனியில் 2,329 யூரோ, ஜப்பானில் 3,93,800 யென், ஆஸ்திரேலியாவில் 4,039 டாலர். சீனாவுக்கு அமெரிக்காவின் ஏற்றுமதித் தடையால் சற்றே மட்டுப்படுத்திய 5090டி, 16,499 யுவான். அவரவர் வரியை உரித்து அந்த மாத நாணய மதிப்பில் அமெரிக்க டாலராக மாற்றினால் பிரிட்டன் 2,004, சீனா 2,014, ஜெர்மனி 2,035, இந்தியா 2,097. ஆஸ்திரேலியா 2,277. ஜப்பான் 2,310. 2020-இல் 17 சதவீதம் கூடுதலாகக் கேட்கப்பட்ட இந்தியாவில் இந்தத் தடவை கூடுதல் 5 சதவீதம்தான். என்விடியாவுக்கு அண்டை வீட்டார் மாதிரி தைவானுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜப்பான்காரரிடம்தான் 15 சதவீதத்துக்கும் மேல் அதிகம் கேட்கப்பட்டது. தூரத்துக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை.

பையன் இப்போது மதுரையிலேயே சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறான், ஜிஎஸ்டி பதிவோடு. 5090 அறிவிப்பு வந்த அன்று அவன் முதலில் செய்தது 1.18-ஆல் வகுத்தது. பிறகு ரிச்சி தெருவுக்கு போன் போட்டான். சரக்கு இல்லை, வந்தால் மூன்று லட்சத்துக்குக் குறையாது என்றார்கள். பழைய 4090-ஐக் கழற்றித் தூசி தட்டித் திரும்ப மாட்டிவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.